தானாகக் கற்றுக்கொண்ட இயந்திரம்

கிடங்கில் எல்லாரும் அவரை அடுக்கண்ணன் என்பார்கள். அளவு ஒத்துப்போகாத பெட்டிகளை இடைவெளியில்லாமல் லாரியில் ஏற்றுவது பெரிய புதிர். எதை முதலில் வைப்பது, எதைத் திருப்பிப் போடுவது என்று பெட்டியைத் தொடுவதற்கு முன்பே மனதில் அடுக்கி முடித்துவிடுவார். தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இருந்தது அது ஒன்றுதான்.

கணினி வேலை பார்க்கும் தங்கையின் கணவர் அடிக்கடி வந்து, அவர் ஏற்றிய லாரிகளைப் படமெடுத்தார். "சும்மா ஆசைக்குத்தான் மச்சான்" என்றார். அடுக்கண்ணன் பெருமையாக, மழையில்கூடக் கதவைத் திறந்து காட்டினார்.

பிறகு முதலாளியின் அறைக்கு அவரையும் கூப்பிட்டார்கள். கணினித் திரையில் பெட்டிகள் ஒவ்வொன்றாக லாரிக்குள் போய் உட்கார்ந்தன.

"டீப் லேர்னிங் சார். லட்சம் தடவை தப்பா அடுக்கி, தானாவே கத்துக்கிச்சு. யாரும் சொல்லித் தரலை" என்றார் தங்கையின் கணவர்.

"கதவோரம் ஏன் ஒரு சாண் காலியா இருக்கு?" என்று முதலாளி கேட்டார்.

"அதுக்கும் ஏதாவது கணக்கு இருக்கும் சார்."

எந்தப் படங்களைப் பார்த்து அது படித்தது என்று அடுக்கண்ணனுக்குப் புரிந்துவிட்டது. "சரக்கோட போறப்ப நான் சாப்பாட்டுப் பாத்திரம் வைக்கிற இடம் அது, மாப்பிள்ளை."

"மச்சானுக்கு எப்பவும் தமாஷ்தான் சார்!" மாப்பிள்ளை முந்திக்கொண்டு சிரித்தார். அடுக்கண்ணன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. முதலாளியும் சிரித்தார்.

வெளியே வந்ததும் தங்கை போனில் கூப்பிட்டாள். "இவரே தனியா கண்டுபிடிச்சதாம்ண்ணா! நீங்க பாத்தீங்களா?" குரலில் அத்தனை சந்தோஷம்.

"பாத்தேம்மா" என்றார். வேறு ஏதாவது வாயில் வந்துவிடுவதற்குள் போனை வைத்துவிட்டார்.