மஞ்சள் துணியில் புற்றுமண்

காலை ஆறரைக்குத் திருநெல்வேலியில் பஸ் ஏறினேன். சங்கரன்கோயிலுக்கு முப்பத்தைந்து மைல். ஒரு ரூபாய் இரண்டணா. புழுதி எவ்வளவு வேண்டுமானாலும் இலவசம். என் தங்கை ஞானம் அங்கே மருத்துவச்சிப் பயிற்சியில் இருந்தாள். ரத்தத்தைக் கண்டால் மயங்கி விழுகிறவள் பிரசவம் பார்க்கிறாளாம்! கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்று கிளம்பியிருந்தேன்.

பதினொரு மணிக்கு, ஞானத்துக்குப் பயிற்சி கொடுக்கும் நர்ஸம்மா, ஞானம், நான் மூவரும் மாட்டுவண்டியில் மேலநீலிதநல்லூர்ப் பக்கம் போனோம். ஆடு மேய்க்கும் மாடசாமியின் வீடு. முந்தின நாள் ஞானம் கையில் பிறந்த பெண் குழந்தை அவர் மனைவி பேச்சியின் பக்கத்தில் தூங்கியது. இதற்கு முந்தைய குழந்தைக்கு அரிவாளால் தொப்புள்கொடி அறுத்திருக்கிறார்கள். ஏழாம் நாள் இழுப்பு வந்து அது இறந்துபோனது. பச்சைத் தொப்புளில் அழுக்கோ மண்ணோ பட்டால் அந்த இழுப்பு வரும் என்பது பயிற்சியில் முதல் பாடம். இன்று தொப்புளைச் சுத்தம் செய்வது ஞானத்தின் வேலை. நர்ஸம்மா பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பார்.

மாடசாமி ஒரு மஞ்சள் துணி முடிச்சை எடுத்து வந்தார். கோமதியம்மன் கோயில் புற்றுமண். பேச்சி மாசமாக இருக்கும்போதே நடந்துபோய் எடுத்து வந்தது. அந்தப் பக்கத்தில் எந்த நோய்க்கும் அதுதான் மருந்து.

"தொப்புள்ள வச்சிருதேம்மா. போன பிள்ளைக்கு வைக்காம விட்டுட்டேன். அதான் தங்கல" என்றார்.

"ஐயோ, மண்ண வைக்காதிய அண்ணாச்சி!"

ஞானம் பதறிப்போய் வெறும் 'மண்' என்றுவிட்டாள். மாடசாமியின் முகம் கறுத்தது.

"வேதக்காரப் பிள்ளைக்கு இது மண்ணுதான். நீங்க தொட வேண்டாம், போங்க."

நாங்கள் கிறிஸ்தவர்கள் என்பதைக் குத்திக்காட்டியதும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நர்ஸம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். ஞானத்தின் கண்கள் கலங்கியிருந்தன, ஆனால் அவள் நகரவில்லை.

"தப்பாச் சொல்லிட்டேன் அண்ணாச்சி. பிள்ளை நெனச்ச நேரமெல்லாம் மோளுது. அங்கனயா அம்மனக் கொண்டு வைப்பிய? நெத்தியில வைங்க. தொப்புள நான் பாத்துக்கிடுதேன்."

பேசி வைத்ததுபோல் குழந்தை துணியை நனைத்தது. பேச்சிதான் முதலில் சிரித்தாள். மாடசாமி முடிச்சை அவிழ்த்து, குழந்தையின் நெற்றியில் வைத்தார். பிறகு ஞானத்துக்கு இடம் விட்டு நகர்ந்தார்.

ஒரு வாரம் தங்கினேன். குழந்தைக்கு ஏழாம் நாளன்று, இழுப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் ஞானம் சாப்பிடவே இல்லை. மறுநாள் காலை நான் ஊருக்குத் திரும்ப பஸ்ஸுக்கு நின்றபோது, மாடசாமி அவளைத் தேடி வந்தார். தீட்டு என்பதால் கோயிலுக்குள் போகாமல் தெருவிலிருந்தே கோபுரத்தைக் கும்பிட்டிருந்தார்.

"தொப்புள் காஞ்சு விழுந்திட்டும்மா. பிள்ள நல்லாப் பால் குடிக்கி." மஞ்சள் முடிச்சை நீட்டினார். "மிச்சம் இருக்கு. நீங்க போற அடுத்த வீட்டுலயும் இப்படித்தான் தொப்புள்ள வைக்க நிப்பாவ. நெத்தியில வைக்கச் சொல்லுங்க."

மருத்துவப் பையில் கொதிக்க வைத்த சாமான்களைத் தவிர எதையும் வைக்கக்கூடாது. ஞானம் அந்த மஞ்சள் முடிச்சை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வீட்டுக்குள் கால் வைத்ததும் அம்மா கேட்டாள்: "இன்னமும் மயங்கி விழுதாளா?"

"விழுந்தா என்னம்மா? அங்க அவளத் தாங்க ஆள் இருக்கு."