சங்குக்கு அடித்த விசில்

சூசையப்பனுக்கு அபிப்பிராயம் இல்லாத விளையாட்டு ஒன்றை இனிமேல்தான் யாராவது கண்டுபிடிக்க வேண்டும். என் பெயர் பெரியமுத்து. மூணாறுக்கு மேலே எங்கள் எஸ்டேட் ஃபாக்டரி வாசலில் டீக்கடை வைத்திருக்கிறேன். பதினெட்டு வருஷமாக அவருடைய அபிப்பிராயங்களைக் கேட்டுக்கொண்டேதான் டீ ஆற்றுகிறேன். காது வலித்த நாள் உண்டு, கேட்காமல் விட்ட நாள் கிடையாது.

ஃபாக்டரியில் அவருக்குத் தேயிலை அரைக்கும் ரோலர் ஓட்டும் வேலை. முப்பது வருஷம் ஆகிறது. மற்றவர்கள் பகல் ஷிஃப்டுக்கு அடித்துக்கொள்ளும்போது இவர் ராத்திரி ஷிஃப்டைக் கேட்டு வாங்குவார். காலை ஆறு மணிக்கு வெளியே வரும்போது புருவமெல்லாம் தேயிலைத் தூசியாக இருக்கும். நேராகக் கடைக்கு வந்து, பிஸ்கட் பாட்டிலில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். எஸ்டேட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் இடம் என் கடையின் கிழக்கு மூலை மட்டும்தான். அமெரிக்காவில் ராத்திரி ஆடும் கூடைப்பந்து நமக்கு விடியற்காலையில் வரும். கர்த்தர் பூமியை உருண்டையாகப் படைத்ததே ராத்திரி ஷிஃப்ட்காரன் என்.பி.ஏ. பார்க்கட்டும் என்றுதான், என்பது அவர் கட்சி.

இந்த மலையில் ஃபுட்பால் பைத்தியத்துக்குக் குறைவில்லை. உலகக் கோப்பை வந்துவிட்டால் வளைவுக்கு வளைவு அர்ஜென்டினாவும் பிரேசிலும் ஃப்ளெக்ஸில் முறைத்துக்கொண்டு நிற்கும். யார் நாட்டுக்கோ நாம் ஏன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும் என்று சூசையப்பன் எல்லாரையும் கேட்பார். கேட்டுவிட்டு, தான் போட்டிருக்கும் அமெரிக்க டென்வர் டீம் பனியனை இழுத்துவிட்டுக்கொள்வார்.

டென்வர் ஏன் என்று ஒருமுறை கேட்டுத் தொலைத்தேன். அரை மணி நேரம் போயிற்று. அது மலையூராம். கடலிலிருந்து ஏறத்தாழ நம் மூணாறு உயரம்தானாம். நாலு குவார்ட்டர் ஆட்டத்தில் கீழே இருந்து வரும் டீம்கள் மூன்று குவார்ட்டர் வரைக்கும் துள்ளிவிட்டு, நாலாவது குவார்ட்டரில் மூச்சு வாங்கிக்கொண்டு முழங்காலைப் பிடிக்குமாம். மலைக்காரன் கடைசி ஐந்து நிமிஷத்தில்தான் மலைக்காரன் என்று மேசையைத் தட்டிச் சொன்னார். என் கிளாஸ் ஒன்று அன்றைக்கு உடைந்தது.

மற்ற தீர்ப்புகளும் இதே உறுதியோடுதான் வரும். எல்லாப் பயலும் தூரத்தில் நின்று மூன்று புள்ளிக்கே எறிவதால் ஆட்டத்தில் ருசி போய்விட்டது. உடம்பில் ஒரு குறையும் இல்லாமல் ஓய்வு என்று பெஞ்சில் உட்காரும் நட்சத்திரங்களைக் கொண்டுவந்து ஒரு மாதம் கொழுந்து எடுக்க விட வேண்டும். ஐ.பி.எல்.லில் மூன்றாவது அம்பயர் டி.வி. பார்த்து முடிப்பதற்குள் ரோலரில் ஒரு சுற்று இலை அரைத்துவிடலாம். பத்திரிகையைக் கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிப்பார், விளையாட்டுச் செய்தி முடிந்ததும் மடித்து என்னிடம் கொடுத்துவிடுவார். முதல் பக்கத்து அரசியல் எனக்கு.

ஆனால் அவருடைய பெரிய வழக்கு ரெஃபரிகளோடுதான். அந்த என்.பி.ஏ. லீக்கில் ஒரு வழக்கம் உண்டு. நெருக்கமான ஆட்டத்தின் கடைசி இரண்டு நிமிஷத்தில் ரெஃபரி செய்த தப்புகளை மறுநாள் ஒரு அறிக்கையாகப் போடுவார்கள். தோற்றவன் தோற்றவன்தான், அறிக்கை மட்டும் வரும். மறுநாள் காகிதம் என்று சூசையப்பன் அதற்குப் பெயர் வைத்திருந்தார். தப்பு செய்யாத ரெஃபரி எந்த ஊரிலும் இல்லை, அதை அந்த இடத்திலேயே சொல்லாமல் மறுநாள் காகிதம் போடுகிறவன்தான் திருடன் என்று வாரத்துக்கு மூன்று முறையாவது சொல்லிவிடுவார். எங்களுக்கெல்லாம் மனப்பாடம் ஆகிவிட்டது.

அவர் மகள் ரோசிக்கும் மனப்பாடம். அவளுக்கு இருபத்து மூன்று வயது, கொழுந்து எடுக்கிறாள். சின்ன வயதிலிருந்தே, காலையில் ஆள் கணக்கெடுக்கும் மஸ்டருக்கு முன்னால் அப்பன் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பாள். அவள் கண் ஆட்டக்காரர்கள் மேல் இருக்காது, தரை மேல் இருக்கும். மினுமினுவென்று அந்த மரத்தரை. எங்கள் எஸ்டேட் மைதானம் செம்மண். சுண்ணாம்பால் கோடு போட்டிருக்கும். ஆடி முடித்தால் மூக்குச் சளிகூடச் சிவப்பாக வரும். ஒரே ஒருமுறை மரத்தரையில் ஆட வேண்டும், அங்கே பந்து தட்டினால் என்ன சத்தம் வருமென்று கேட்க வேண்டும் என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். எஸ்டேட் பெண்கள் டீமுக்கு அவள்தான் கேப்டன்.

இந்தத் தை மாதம் தேவாலயத் திருவிழாவில் பெண்கள் கூடைப்பந்துப் போட்டி வைத்தார்கள். கோப்பை வாங்கும் டீம் கோட்டயத்தில் ஒரு பெரிய போட்டிக்குப் போகும், உள்ளரங்கம், மரத்தரை. ரோசிக்கு ஈஸ்டர் கழிந்து கல்யாணம். நாங்குநேரிப் பக்கம் போகிறாள். அங்கே போய்ப் பந்தைத் தொடுவாளா என்பது யாருக்குத் தெரியும்? ஆக, இந்த ஒரு தடவைதான்.

எங்கள் பெண்கள் ஃபைனலுக்கு வந்துவிட்டார்கள். எதிரே கீழே சமவெளியிலிருந்து வந்த கொல்லங்கோட்டு டீம், காலேஜில் ஆடிய பெண்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு கமலாத்தாள் என்ற விளையாட்டு டீச்சர் வந்திருந்தார். சமவெளிக்காரர்கள் கடைசி ஐந்து நிமிஷத்தில் படுத்துவிடுவார்கள் என்று சூசையப்பன் ஊர் முழுக்க அறிவித்திருந்தார்.

வர வேண்டிய ரெஃபரி வரவில்லை. மறையூர் ரோட்டில் யானை நிற்கிறது, வண்டி எதுவும் நகரவில்லை என்று போன் வந்தது. எஸ்டேட் கிளப் செக்ரட்டரி சிலுவைராஜ், தன் மச்சான் சூசையப்பன் கையில் விசிலைக் கொடுத்துவிட்டார். இத்தனை வருஷம் பேசியதற்குத் தண்டனை என்று நான் சிரித்தேன். கேப்டன் தன் மகள் என்பதைச் சூசையப்பனே கமலாத்தாளிடம் போய்ச் சொன்னார். அந்த அம்மா அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, சட்டம் தெரியுமா என்று மட்டும் கேட்டார். சட்டப் புத்தகமே சூசையப்பன் போனில் இருக்கிறது. தலையை ஆட்டினார். எனக்கு நேரம் பார்க்கும் வேலை. கடையை என் பெண்சாதியிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன்.

மூன்று மணிக்குத் தொடங்க வேண்டிய ஆட்டம். பஞ்சாயத்து மெம்பர் பேசினார், யூனியன்காரர் பேசினார், மெம்பர் விட்டுப்போனதைத் திரும்ப வந்து பேசினார். ஆட்டம் கால் மணிக்கு மேல் தள்ளிப்போயிற்று. இவர்கள் வாய்க்கு ஒரு நேரக்காப்பாளர் இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

சூசையப்பன் நன்றாகவே நடத்தினார். மகள் இடித்தபோது மகளுக்கும் ஃபவுல் கொடுத்தார். அவர் சொன்னபடி கொல்லங்கோட்டுப் பெண்களுக்குக் கடைசியில் மூச்சும் வாங்கியது. எட்டுப் புள்ளி பின்தங்கியிருந்த நம் பெண்கள் ஒவ்வொன்றாக ஏறி, நாற்பத்தொன்றுக்கு நாற்பது என்று முன்னே வந்துவிட்டார்கள். பத்து செகண்டுக்கும் குறைவுதான் மிச்சம். பந்து கொல்லங்கோட்டுச் சித்ராவிடம். அவளுக்கு எதிரே கைகளை விரித்து மறித்துக்கொண்டு ரோசி.

அப்போது ஃபாக்டரி சங்கு ஊதியது.

நாலரை மணிச் சங்கு. பிறந்ததிலிருந்து எங்கள் உடம்பில் ஊறியது அது. அது ஊதினால் கொழுந்து எடுக்கும் கை நிற்கும், கூடை இறங்கும், நான் பாலை அடுப்பில் ஏற்றுவேன். திருவிழா நாளென்றாலும் ஃபாக்டரி ஓடிக்கொண்டிருந்தது, அதை ஒருத்தரும் யோசிக்கவில்லை. எங்கள் ஐந்து பெண்களும் நின்ற இடத்தில் நின்றார்கள். ரோசியின் கை தானாக இறங்கியது. நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். கொல்லங்கோட்டுக்காரிக்குச் சங்காவது ஒன்றாவது, அவள் பாட்டுக்குக் குதித்துப் பந்தை எறிந்தாள். உடனே விசில் கேட்டது. நான் வாட்சை நிறுத்தினேன். பந்து வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே விழுந்தது.

வாட்சில் நாலு செகண்டு பாக்கி இருந்தது.

எங்கள் சனம் கத்திய கத்தலில் மலை அதிர்ந்தது. விசில் அடித்தாயிற்று, பந்து செத்துவிட்டது, கூடை கிடையாது. நானும்தான் கத்தினேன். இன்னும் நாலு செகண்டு தடுத்து நின்றால் கோப்பை நமக்கு. கமலாத்தாள் கோட்டுக்குள் இறங்கி வந்தார்.

"ஏனுங்க, எங்க புள்ள கையை உட்டுப் பந்து போனதுக்கப்புறந்தானுங்களே விசிலடிச்சீங்க?"

விசில் இன்னும் சூசையப்பன் வாயிலேயே இருந்தது. என்ன நடந்தது என்பது அந்த மைதானத்தில் அவர் ஒருவருக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். எறிந்த பந்து காற்றில் இருக்கும்போது ரெஃபரி விசிலடித்தால் பந்து சாகாது, விழுந்தால் புள்ளி உண்டு. இந்தச் சட்டத்தையும் அவர்தான் எங்களுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறார். எங்கள் யாருக்கும் அப்போது ஞாபகம் வரவில்லை. வந்திருந்தாலும் சொல்லியிருக்க மாட்டோம்.

சிலுவைராஜ் பக்கத்தில் போய்த் தோளைப் பிடித்தார். "மச்சான், பந்து கையில இருக்கும்போதே அடிச்சேன்னு சொல்லிரு. ஒரு சொல்லுதான். ரோசிய நெனச்சுக்கோ."

சூசையப்பன் ரோசியைப் பார்த்தார். அவள் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு, செம்மண் முகத்தோடு அப்பனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். ஃபாக்டரியில் ரோலர் சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய குரல், மைக் வேண்டியதில்லை.

"பந்து கைய விட்டுப் போன பொறவுதான் நான் விசிலடிச்சேன். அதுவும் ஆட்டத்துக்கு அடிக்கல. சங்கு ஊதுச்சு, அடிச்சுட்டேன். தப்பு என்னுது. கூடை கணக்குல உண்டு."

நாற்பத்தொன்றுக்கு நாற்பத்திரண்டு. மிச்சமிருந்த நாலு செகண்டில் ரோசி பாதி மைதானத்திலிருந்து எறிந்தாள். பந்து வளையத்தில் பட்டு வெளியே போயிற்று. கோப்பையை வாங்கிக்கொண்டு கொல்லங்கோட்டு வேன் இருட்டுவதற்குள் மலை இறங்கிவிட்டது. கமலாத்தாள் போகும்போது சூசையப்பனைப் பார்த்துக் கும்பிட்டார். எங்களில் ஒருத்தரும் அவர் பக்கம் போகவில்லை.

எனக்கும் கோபம்தான், அதை மறைக்க என்ன இருக்கிறது? மறுநாள் காலையில் அவர் வந்தபோது டீயை ஆற்றாமல் சூடாகவே முன்னால் வைத்தேன். அதையே எடுத்துக் குடித்தார். போனைப் பாட்டிலில் சாய்த்தார், ஆட்டம் பார்த்தார். மூன்று புள்ளிக்கு எறிந்தார்கள், திட்டவில்லை. ரெஃபரி கண்ணை மூடிக்கொண்டு விசிலடித்தான், திட்டவில்லை. கடையில் இருந்தவர்கள் அவர் வாயையே பார்த்தார்கள். இப்படி மூன்று நாள். வீட்டில் ரோசியும் அவரும் பேசிக்கொள்வதில்லை என்று சிலுவைராஜ் சொன்னார். பதினெட்டு வருஷமாக இந்த மனுஷன் வாயை மூட மாட்டாரா என்று ஏங்கிய எனக்கு அந்த மூன்று நாள் கடையில் நிற்கவே பிடிக்கவில்லை. நாலாவது நாள் டீயை நன்றாக ஆற்றியே கொடுத்தேன்.

அன்றைக்கு டென்வர் ஆட்டம், பாஸ்டனில். கடைசிக் குவார்ட்டர் ஓடிக்கொண்டிருந்தபோது ரோசி வந்தாள். கொழுந்துக் கூடையை வாசலில் வைத்துவிட்டு அப்பன் பக்கத்தில் உட்கார்ந்தாள். போன் கண்ணாடியில் படிந்திருந்த தேயிலைத் தூசியை முந்தானையால் துடைத்தாள். மரத்தரை பளிச்சென்று தெரிந்தது.

ஒரு புள்ளி வித்தியாசம். டென்வர்க்காரன் பந்தோடு உள்ளே போகிறான், ஒருத்தன் அவன் கையிலேயே அடிக்கிறான். ரெஃபரி பார்த்துக்கொண்டே நிற்கிறான், விசில் இல்லை. எனக்கே நாக்கு துடித்தது. சூசையப்பன் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா சும்மா இருக்கீங்க? திட்டுங்க," என்றாள் ரோசி.

"எனக்கு என்னம்மா யோக்கியத இருக்கு? நானும்தான் தப்பா அடிச்சேன்."

"நீங்க அங்கனயே சொன்னீங்கல்ல. மறுநாள் காயிதம் போடலயே." அவள் போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எனக்கு மரத்தரை போச்சு. அது வருத்தந்தான், இல்லங்கல. ஆனா அன்னைக்கு நீங்க பொய் சொல்லியிருந்தா, நீங்க ரெஃபரியத் திட்டும்போது இங்கன வந்து ஒக்காந்திருக்க மாட்டேன். திட்டுங்கப்பா."

சூசையப்பன் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு அந்த பாஸ்டன் ரெஃபரிக்கு விழுந்தது பாருங்கள், மூன்று நாள் பாக்கியும் சேர்த்து. அவன் கண்ணு, அவன் விசிலு, அவனுக்கு வேலை கொடுத்தவன், நாளைக்கு அவன் போடப்போகும் காகிதம், ஒன்றையும் விடவில்லை. மேசையைத் தட்டினார். நான் கிளாஸ்களை எடுத்து அப்பால் வைத்தேன்.

மஸ்டருக்குச் சங்கு ஊதியது. கடையிலிருந்த எல்லாரும் எழுந்தார்கள். என் கையும் பால் பாத்திரத்துக்குப் போய்விட்டது. ரோசி மட்டும் எழுந்திருக்கவில்லை. போனில் ஆட்டம் முடிய இன்னும் நாலு செகண்டு இருந்தது.