படத்தில் பிழைத்துவிட்டாள்

எங்கள் மகள் இறந்தது திருக்கோகர்ணத்தில் நாங்கள் வாடகைக்கு இருந்த அறையில். வீடு என்று சொல்ல முடியாது. ஒரே அறை, பின்னால் அடுப்பு வைக்க ஒரு தாழ்வாரம், தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். ஜன்னலை ஒட்டி நார்க்கட்டிலைப் போட்டு அவளைப் படுக்க வைத்திருந்தோம். ஆறு வயது. டைபாய்டு. சமஸ்தானம் போய், ஊர் திருச்சி ஜில்லாவோடு சேர்ந்த மறு வருஷம் அது.

பத்தொன்பதாம் நாள் காலையில் டாக்டர் வந்து பார்த்தார். காய்ச்சல் இறங்குகிறது, சாயங்காலம் மறுபடி வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். என் கணவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். அவர் சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தா. பழைய ரிகார்டுகளையெல்லாம் பட்டியல் போட்டுத் திருச்சிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

"மத்தியானத்துக்குள்ள வந்துர்றேன்" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

மூன்று மணிக்கு மேல் பிள்ளைக்குக் கைகால் சில்லிட ஆரம்பித்தது. அக்கம்பக்கத்தில் ஆம்பிளைகள் யாரும் இல்லை. அவளைத் தனியாக விட்டுவிட்டு நானும் வெளியே ஓட முடியவில்லை. தெருவில் வண்டிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் டாக்டரின் ஜட்காவாக இருக்கும் என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். நாலரைக்கு எல்லாம் முடிந்துவிட்டது. ஜட்கா வந்தபோது மணி ஐந்தரை. என் கணவர் வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது.

துக்கம் கேட்க வந்த அவருடைய தலைமைக் குமாஸ்தா, "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா லீவு குடுத்திருப்பேனே தம்பி" என்றார். லீவு கிடைக்காமல்தான் போனார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தப் பதினெட்டு நாளும் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிஷத்துக்கு மேல் நின்றதில்லை. தண்ணீர் எடுக்கப் போவார், மருந்து வாங்கப் போவார், வெளியில் போய் நிற்பார். பயந்த மனுஷன். அன்றைக்கு ஆபீசுக்கு ஓடிப் போய்விட்டார், அவ்வளவுதான். நான் அதைப் பற்றி அவரிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தையும் இல்லை.

மூன்று வருஷம் கழித்து ஒரு நாடகம் எழுதினார். அவர் ஆபீசில் நாலைந்து பேர் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு நாடகம் போடுவார்கள். ராஜா மந்திரி கதைகள்தான் அதுவரைக்கும். இவர் எழுதியது ஒரே அறையில், ஒரு மத்தியானத்தில் நடக்கிற கதை. நோயில் கிடக்கிற பிள்ளை, தாய், தகப்பன். டாக்டரின் வண்டி வருகிறதா என்று காத்திருக்கிறார்கள். வரவில்லை.

நோட்டுப் புத்தகத்தை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். அடுப்படியில் உட்கார்ந்து படித்தேன். நாடகத்தில் அந்தத் தகப்பன் அறையை விட்டு நகரவே இல்லை. பிள்ளை கடைசியாக "அப்பா எங்கம்மா?" என்று கேட்கிறது. "இங்கதாம்மா இருக்கேன்" என்று அவன் அதன் கையைப் பிடித்துக்கொள்கிறான். என் பிள்ளை அன்றைக்கு இதே வார்த்தையைத்தான் கேட்டாள். நான் அதை யாரிடமும் சொன்னதில்லை. அவராகவே எப்படி எழுதினாரோ தெரியாது. நல்லாயிருக்கு என்று சொல்லி நோட்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

தாய் வேஷம் போட்டவர் அவருடைய ஆபீஸ் நண்பர், சர்வே செக்‌ஷனில் இருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் எந்த வீட்டுப் பெண்ணும் மேடை ஏற மாட்டாள். நண்பர் ஒல்லியாக, மீசை எடுத்த முகத்தோடு இருப்பார். ஒருநாள் வீட்டுக்கு வந்து ரொம்பத் தயங்கி, "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. பிள்ளைக்கிட்ட நீங்க எப்புடி உக்காந்திருந்தீங்க?" என்று கேட்டார். உட்கார்ந்து காட்டினேன். ஒரு கால் கட்டிலின் மேல், ஒரு கால் தரையில், இடது கை பிள்ளையின் கழுத்துக்குக் கீழே. வலது கை விசிறி மட்டையைப் பிடித்திருக்கும். அவர் கண்ணெடுக்காமல் பார்த்துவிட்டு, கும்பிட்டுவிட்டுப் போனார்.

நாடகத்தில் பிள்ளையே கிடையாது. சனத்துக்குத் தலைமாடு தெரியும்படி திருப்பிப் போட்ட கட்டிலில் தலையணையை வைத்துப் போர்வையால் மூடியிருப்பார்கள். குரல் திரைக்குப் பின்னாலிருந்து வரும். வெளியே வண்டி போகிற மணிச் சத்தம் கேட்கும். மேடையில் இருக்கிற இரண்டு பேரும் வாசலைப் பார்ப்பார்கள். எதிரே உட்கார்ந்திருக்கிற சனம் முழுவதும் அதே பக்கம் திரும்பும். சத்தம் தேய்ந்து போய்விடும். மறுபடி ஒரு வண்டி. இப்படி ஏழு தடவை. ஏழாவது தடவை வாசலைப் பார்க்கவே எல்லோருக்கும் பயமாக இருக்கும். புதுக்கோட்டையில் போட்டார்கள், குன்றாண்டார்கோவிலில் போட்டார்கள், அறந்தாங்கியில் இரண்டு நாள் போட்டார்கள். நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். கையில் விசிறியோடு அந்த ஆம்பிளை அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது எனக்கு நான்தான் என்று தோன்றும். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தகப்பனைத்தான் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

நாடகம் போட ஆரம்பித்து நாலாவது வருஷமோ என்னவோ, மெட்ராசிலிருந்து ஒரு சினிமாக் கம்பெனிக்காரர் கல்யாணத்துக்கு வந்த இடத்தில் நாடகத்தைப் பார்த்தார். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே மேடைக்குப் பின்னால் வந்து என் கணவரைக் கட்டிப்பிடித்தாராம். இதைப் படமாக எடுத்தே தீருவேன் என்றாராம். கதை, வசனம், மேடை உரிமை எல்லாவற்றையும் பத்திரத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

என் கணவர் இரண்டு தடவை மெட்ராஸ் போனார். முதல் தடவை போய் வந்தபோது பதினைந்து வயது குறைந்தவர் மாதிரி இருந்தார். கம்பெனியில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, அறையின் அளவைக் கேட்டு எழுதிக்கொண்டார்களாம். இரண்டாவது தடவை போய் வந்து பெட்டியைத் திறக்காமல் மூலையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். என்ன என்று கேட்டேன். ஒரு அறைக்குள்ளேயே மூன்று மணி நேரம் சனம் உட்காராது என்கிறார்கள் என்றார். நாடகத்துக்கு உட்கார்ந்தார்களே என்றேன். அதைச் சொன்னேன், சிரித்தார்கள் என்றார்.

படம் எங்கள் ஊருக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை ஆபீஸே திரண்டு மேட்னிக்குப் போனது. எங்களை நடுவில் உட்கார வைத்தார்கள். அவர் பேர் திரையில் வந்தபோது கைதட்டினார்கள்.

எங்கள் அறை அதில் மாடிப்படி வைத்த பெரிய கூடம் ஆகியிருந்தது. தாயும் தகப்பனும் முதலில் படகில் போய்ப் பாடினார்கள். பிள்ளை பவுடர் பூசின கன்னத்தோடு தோட்டத்தில் நாலு பேரோடு ஆடியது. கம்பவுண்டர் ஒருவன் வந்து வழுக்கி விழுந்துகொண்டே இருந்தான். டாக்டருக்குக் கார் கொடுத்திருந்தார்கள். கார் மழையில் வருவதையும், பாலம் உடைந்து நிற்பதையும், மறுபடி கிளம்புவதையும் மாற்றி மாற்றிக் காட்டினார்கள். டாக்டர் எங்கே இருக்கிறார் என்று பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதனால் கொட்டகையில் ஒருவரும் எதற்காகவும் காத்திருக்கவில்லை. வாசலைப் பார்க்க யாருக்கும் வேலையே இல்லை. கடைசியில் தாய் அம்மன் சன்னதியில் தலையை முட்டிக்கொண்டு பாட, மணி தானாக அடிக்க, கூடத்துக் கட்டிலில் பிள்ளை கண்ணைத் திறந்தது.

சனம் கைதட்டியது. என் கணவர் முன் நாற்காலியின் முதுகை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். எழுந்து போகவும் முடியாது, சுற்றிலும் ஆபீஸ்காரர்கள்.

வெளியே வந்ததும் தலைமைக் குமாஸ்தாவின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "நாடகத்துல பிள்ளையச் சாகடிச்சிட்டாரேன்னு எனக்கு மனசே ஆறலங்க. இப்பத்தான் நிம்மதியா இருக்கு" என்றார். நல்ல மனசுக்காரி. எங்கள் வீட்டில் நடந்ததை அவர் மறந்தே போயிருந்தார். தாய் வேஷம் போட்ட நண்பர் கடைசியாக வந்தார். என்னிடம் வந்து மெதுவாக, "அந்தம்மா கட்டில்ல உக்காரவே இல்லையே அண்ணி" என்றார். உண்மைதான். படம் முழுக்க அந்த நடிகை கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருந்தாள்.

இனி நான் சொல்லப்போவதை அந்தக் காலத்தில் யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். அடுத்த சனிக்கிழமை அவர் ஆபீசுக்குப் போனதும், கோயிலுக்குப் போவதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு மேட்னிக்குத் தனியாகப் போனேன். படம் கண்றாவி என்று எனக்கும் தெரியும். பாட்டு வரும்போது கண்ணை மூடிக்கொண்டேன். அந்தக் கொழுகொழு பிள்ளைக்கும் என் பிள்ளைக்கும் ஒரு சாயலும் இல்லை. ஆனாலும் அது கண்ணைத் திறக்கிற இடம் வந்தபோது நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து உட்கார்ந்தேன். அதைப் பார்க்கத்தான் போனேன். ஒரு வார நாளிலும் போனேன். அடுத்த சனிக்கிழமையும் போனேன்.

தலைமைக் குமாஸ்தாவின் மனைவி என்னைக் கொட்டகையில் பார்த்திருக்கிறார். உங்கள் வீட்டில் உங்கள் படத்தை விடாமல் பார்க்கிறார்களாமே என்று ஆபீசில் யாரோ பெருமையாகக் கேட்டிருக்கிறார்கள். அன்று சாயங்காலம் என் கணவர் வந்து சட்டையைக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தார்.

"இன்னும் மூணு தடவ போனியா?"

"ஆமாங்க."

"அந்தப் பொய்யப் போய் எதுக்குப் பாக்குற?"

அவருக்குக் குரல் ஏறியது. ஊரெல்லாம் கூடிச் சிரிக்கிறது, நம் பிள்ளையை வைத்துக் கூத்தடித்திருக்கிறார்கள், அதற்கு நீயும் டிக்கெட் வாங்கிக்கொண்டு போகிறாய் என்றார்.

"இந்த ரூமுல நடந்தது ஒண்ணாச்சும் அதுல இருக்கா?" என்று கேட்டார்.

"ஒங்க நாடகத்துல மட்டும் இருந்துச்சா?" என்றேன். "அன்னைக்கு நீங்க இந்த ரூமுல இல்லீங்களே."

எட்டு வருஷமாக வாய்க்குள் இருந்தது. வெளியே வந்த பிறகு அதைத் திரும்ப எடுக்க முடியவில்லை. அவர் என்னைத் திட்டவில்லை. எழுந்து போய்க் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார்.

ஒரு வாரம் நாங்கள் சாப்பாட்டைத் தவிர எதுவும் பேசிக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தவர் நிமிராமலே கேட்டார்.

"அன்னைக்கு என்னையக் கேட்டாளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்குப் பொய் சொல்லத் தோன்றவில்லை.

"கேட்டா" என்றேன்.

"எத்தன தடவ?"

"மூணு தடவ."

"நீ என்ன சொன்ன?"

"இந்தா வந்துருவாருன்னு சொன்னேன்."

பம்பை மறுபடி அழுத்தினார். டயர் கல் மாதிரி ஆன பிறகும் அழுத்திக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு அவர் ஒரு வரி எழுதவில்லை. இரண்டு வருஷம் கழித்து நண்பர் வந்து, பள்ளிக்கூடக் கட்டடத்துக்காக அந்த நாடகத்தை மறுபடி போடலாம், கம்பெனிக்கு எழுதிக் கேட்டால் அனுமதி கொடுப்பார்கள் என்றார். கம்பெனியே மூடியாகிவிட்டது, யார் கேட்கப்போகிறார்கள் என்றும் சொன்னார். என் கணவர் அது மேடையில் ஏறக்கூடாத நாடகம் என்று மட்டும் சொன்னார். நண்பர் பத்திரத்தை நினைத்துத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டார். வசனம் முழுவதும் அவருக்கு மனப்பாடம். என்னைப் பார்த்தார். நானும் அவருக்காகப் பேசவில்லை. காப்பியைக் குடித்துவிட்டுப் போனவர் அப்புறம் எங்கள் வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார்.

அறுபத்திரண்டிலோ மூன்றிலோ எங்களுக்கு அறந்தாங்கிக்கு மாற்றல் ஆனது. அங்கே இரண்டு அறை வீடு. இரண்டு பேர், இரண்டு அறை. அவர் ஒன்றில் இருந்தால் நான் மற்றதில் இருப்பேன். சண்டை ஒன்றும் கிடையாது. வேளைக்குச் சாப்பாடு, ஆபீஸ், சந்தை என்று நாள் போனது. ஊருக்கு வெளியே டென்ட் கொட்டகை இருந்தது. ஒருநாள் தண்டோராக்காரன் மாட்டுவண்டியில் தட்டி கட்டிக்கொண்டு நோட்டீஸ் போட்டுப் போனான். அந்தப் படம்தான். அடுத்த வீட்டுப் பெண் வந்து, "பிள்ளை பொழைக்கிற படமாம், வாரீங்களா?" என்று கூப்பிட்டாள். அவர் உள்ளேதான் இருந்தார். நான் புடவையை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

மணலில் உட்கார்ந்து பார்த்தோம். எத்தனையோ ஊர் சுற்றிய பிரிண்ட். திரை முழுக்க மழை பெய்கிற மாதிரி கோடு. பாட்டெல்லாம் பாதியில் தாவின. தாய் அம்மன் சன்னதியில் தலையை முட்டிக்கொண்டாள், மணி அடிக்கத் தொடங்கியது, படம் ஒரு குதி குதித்தது. அடுத்து எல்லோரும் சிரித்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள், சுபம் என்று எழுத்து வந்துவிட்டது. நடுவில் பிள்ளை கண்ணைத் திறக்கிற துண்டு அறுந்து போயிருக்கிறது. பையன்கள் விசில் அடித்தார்கள். ஆப்பரேட்டர் விளக்கைப் போட்டான். பெண்கள் மணலைத் தட்டிவிட்டுக்கொண்டு எழுந்தார்கள். நான் வெள்ளைத் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அடுத்த வீட்டுப் பெண் தோளைத் தொட்டுக் கூப்பிட்ட பிறகுதான் எழுந்தேன்.

வீட்டில் அவர் பாயில் படுத்திருந்தார். எங்கே போய்விட்டு வருகிறாய் என்று கேட்கவில்லை. நான் கால் கழுவிவிட்டு உள்ளே வந்தபோது சுவர்ப்பக்கம் பார்த்தபடியே கேட்டார்.

"பொழைச்சிருச்சா?"

"பொழைச்சிருச்சுங்க" என்றேன்.

சரி என்றார். அவருக்குச் சோறு போட்டேன். மோர் தீர்ந்துபோயிருந்தது, ரசத்தோடு சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போனார்.