தனுஷாவின் முன்பல்

பல் கிளினிக்கில் எச்சில் குழாய் பிடிக்கிற வேலையில், பிழைத்த பல்லை எல்லாரும் மறந்துவிடுவார்கள். செத்த பல்தான் நம் கூடவே வீட்டுக்கு வரும். டாக்டருக்கும் நோயாளிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இரண்டு மாதம்

புலாவ் செபாங் பக்கத்து எஸ்டேட்டிலிருந்து மல்லிகா தன் மகள் தனுஷாவைக் கூட்டி வந்தாள். பிள்ளைக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் விழுந்து மேல் முன்பல் பாதி உடைந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஈறில் சீழ்க் கொப்புளம். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல். ஏன் இத்தனை நாள் என்று டாக்டரம்மா கேட்டதற்கு, மல்லிகா என்னைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்: "பால்பல்லுன்னு நெனச்சிட்டோம்க்கா, விழுந்தா முளைச்சிடும்லா!"

பப்பாளிக் காம்பு

அந்த வயதில் முன்பல்லின் வேர் நுனி மூடியிருக்காது. பப்பாளிக் காம்பு மாதிரி அடியிலும் திறப்பு, சுவரும் மெல்லிசு. பெரியவர்களுக்குச் செய்வதுபோல ஊசி அரத்தை உள்ளே விட்டு ராவினால் உடைந்துவிடும். கிருமி மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுத்தான் கழுவ வேண்டும். கொஞ்சம் வேகமாக அழுத்தினாலும் நுனி வழியாக இறங்கிச் சதையைச் சுட்டுவிடும். டாக்டரம்மா கழுவி முடிக்கும்வரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவோரம் நின்ற மல்லிகா மூக்கைச் சுளித்தாள்: "என்னக்கா, டாய்லெட் கழுவுற வாடை வருது, இதையா என் புள்ள வாய்ல ஊத்துறீங்க?"

கேப்சூல் கூடு

அவளைச் சமாதானப்படுத்தத்தான் பேச்சுக் கொடுத்தேன். கேப்சூல் மருந்தைக் குழைத்து வேருக்குள் வைத்திருக்கிறோம், மேலே வெள்ளை சிமெண்ட் அடைப்பு, மூன்று வாரம் தொடாதே என்றேன். கேப்சூல் கூடு மாட்டு எலும்பில் செய்வது என்று அவள் வேலை செய்யும் பேக்டரியில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துத் தாயும் மகளும் மாசி மகத்துப் பால்குடத்துக்கு விரதம். நாங்கள் எடுத்தது உள்ளே இருக்கும் பொடியை மட்டும்தான், கூடு குப்பைக்குப் போய்விட்டது. அதை நான் சொல்லவே இல்லை.

மூன்று வாரம் கழித்து வந்தார்கள். அடைப்பும் இல்லை, மருந்தும் இல்லை. ஓட்டைக்குள் சோற்றுப் பருக்கை. மேலுதடு வீங்கிக் கிடந்தது. மல்லிகா பெருமையாகத்தான் சொன்னாள்: "கொண்டை ஊசியால நானே சுத்தமா எடுத்துட்டேன்க்கா, மாட்டு மருந்த வாய்ல வச்சிக்கிட்டு புள்ள எப்படிப் பால்குடம் தூக்கும்?"

பிடுங்கிய அன்று

டாக்டரம்மா இன்னும் இரண்டு தடவை கழுவி, கேப்சூல் இல்லாத வேறு மருந்து வைத்தும் பார்த்தார். சீழ் நிற்கவில்லை, பல் ஆடத் தொடங்கிவிட்டது. கடைசியாக எடுத்த எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டுக் கையுறையைக் கழற்றி வைத்து, பிடுங்கத்தான் வேண்டும் என்றார். கூடு விஷயத்தை அன்றைக்குத்தான் மல்லிகாவிடம் சொன்னேன். அவள் எழுந்து வெளியே போய்விட்டாள். பல்லைப் பிடுங்கியாயிற்று. பஞ்சைக் கடித்தபடியே தனுஷா என் சட்டையை இழுத்தாள்: "ஆன்ட்டி, அம்மா வெளிய அழுவுறாங்க, எனக்கு வலிக்கலன்னு போய்ச் சொல்லுங்களேன்."

அடுத்தவர்களை வாயைத் திறக்கச் சொல்லியே சோறு தின்கிற எனக்கு, பாதியில் விட்ட ஒரு பேச்சை மருந்து வைத்த அன்றைக்கே சொல்லி முடிக்கத் தெரியவில்லை.