வடக்கு தெற்காகக் கிடந்த கட்டில்

திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டோரம் இருந்த அந்தப் பழைய லாட்ஜை எல்லோரும் பங்களா என்றுதான் சொல்வார்கள். ரோடு போட வந்த ஒரு வெள்ளைக்கார இன்ஜினியர் தான் தங்குவதற்காகக் கட்டியது. அறுபதுகளின் தொடக்கத்தில் நானும் அம்மாவும் அங்கே போனபோது, ஆசிரமத்துக்கு வருகிறவர்களும் மலையை வரைய வருகிற ஓவியர்களும் அதில் தங்கிக்கொண்டிருந்தார்கள். வராந்தா சுவர் முழுக்க மலைப் படங்கள். ஒருவர் மலையை நீலமாக வரைந்திருந்தார், இன்னொருவர் ஆரஞ்சாக. அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இவங்க எல்லாம் ஒரே மலையத்தான் பாத்தாங்களா?" என்று கேட்டாள்.

நாங்கள் படம் பார்க்கப் போகவில்லை. எனக்கு டீச்சர் வேலைக்கு ஆர்டர் வந்திருந்தது. மறுநாள் காலை ஒன்பதரைக்குள் பள்ளிக்கூடத்தில் சேர வேண்டும். தவறினால் வேலை பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். எங்கள் ஊர் போளூருக்கும் அப்பால். முதல் பஸ் பிடித்தாலும் பத்தரைக்கு முன்னால் வந்து சேர முடியாது. அதனால் முதல் நாள் மத்தியானமே வந்துவிட்டோம். தீபத் திருவிழா வாரம். ஊருக்குள் ஒரு லாட்ஜிலும் இடமில்லை. மழை வேறு விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். எனக்கு அப்பா இல்லை. அம்மா சித்தாள் வேலை செய்து, கல்லும் சாந்தும் தலையில் சுமந்து என்னைப் படிக்க வைத்தவள். அப்படிப்பட்டவளிடம் நான் பஸ்ஸில் வரும்போதே சொல்லிவைத்தேன். "யாராச்சும் கேட்டா வெவசாயம்னு சொல்லும்மா. சித்தாளுனு சொல்லாத." நன்றி கெட்ட ஜென்மம் நான். அவள் "செரி" என்று மட்டும் சொன்னாள்.

பங்களா மேனேஜர் நல்ல மனுஷன். "ஒரே ஒரு ரூம் இருக்குதும்மா. ஆனா நீங்க படுக்க மாட்டீங்க" என்றார்.

கதவைத் திறந்ததும் புரிந்துவிட்டது. வடக்குப் பக்க ஜன்னல் நிறைய மலை. ஜன்னலிலிருந்து வாசல் வரை நீளமாக ஒரு கட்டில். மரக்கட்டில் இல்லை. இரண்டு செங்கல் சுவர் எழுப்பி, மேலே மூன்று கல் பலகைகளை வரிசையாகப் போட்டது. படுத்துக்கொண்டே மலையைப் பார்க்க வேண்டும் என்று துரைக்கு ஆசை. பார்த்தார், போய்ச் சேர்ந்தார். எங்களுக்கு அந்த மலைதான் சாமி. சாமிக்கு நேராகக் காலை நீட்டுவது எப்படி? சரி, திரும்பிப் படுக்கலாம் என்றால் தலை வடக்கே போகிறது. வடக்கே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்பது எந்தக் குழந்தைக்கும் தெரியும். மிச்சமிருந்த தரையில் குறுக்கே காலை நீட்ட இடமில்லை. ஊரே இடம் கிடைக்காமல் அல்லாடும்போதும் இந்த அறை மட்டும் பூட்டியே கிடக்குமாம்.

"மாத்திக் கட்டக் கூடாதா?" என்று கேட்டேன்.

"தொரை கட்டினதும்மா. அதுல எப்படி கை வெக்கிறது?"

மலைக்கும் மரியாதை, துரைக்கும் மரியாதை. இரண்டையும் காப்பாற்ற ஒரு பூட்டு.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "நான் எப்படியோ படுத்துக்குறேம்மா, சாமி ஒண்ணும் பண்ணாது" என்றேன். அம்மா முறைத்தாள். பிறகு உள்ளே போய்க் கல்லைத் தட்டிப் பார்த்தாள். முழங்கையால் அறையின் அகலத்தை அளந்தாள். "நாலரை மொழம் இருக்குது. ஜன்னலோரமா குறுக்கால போட்டா தாராளமா வரும். ஒரு கடப்பாரை குடுங்க."

"ஐயையோ, இடிச்சிடாதீங்கம்மா!"

"இடிக்கலிங்க. திருப்பித்தான் வெக்கிறேன்."

அவள் புடவையைத் தூக்கிச் செருகிய வேகத்தில் மேனேஜர் தானே போய்க் கடப்பாரையை எடுத்து வந்தார். வெள்ளைக்கார ஓவியர் ஒருவர் நோட்டோடு வந்து வாசலில் நின்று அவளை வரைய ஆரம்பித்தார். "சாமி, படம் எழுதினது போதும், வந்து ஒரு கை புடிங்க" என்றாள். தமிழ் புரிந்ததோ இல்லையோ, வந்து பிடித்தார். நான் நாளைக்குக் கட்ட வேண்டிய புடவைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓரமாக நின்றேன். மூன்றாவது பலகை சரியத் தொடங்கியபோது பை எங்கே விழுந்தது என்று தெரியாது, ஓடிப்போய்த் தாங்கிவிட்டேன். உள்ளங்கை உரிந்துவிட்டது.

முற்றத்து ஈரமண்ணைக் குழைத்து, அதே செங்கல்லை அடுக்கி, விளக்கு வைப்பதற்குள் கட்டிலைக் கிழக்கு மேற்காக உட்கார்த்திவிட்டாள். கடைசியில் கல்லின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினாள். எந்தப் பக்கமும் ஓடாமல் தண்ணீர் அப்படியே நின்றது. மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார்.

"இப்டி மட்டம் புடிக்கிறீங்களே, என்ன வேலம்மா உங்களுக்கு?"

"வெவசாயங்க" என்றாள் அம்மா.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அந்தக் கல் கட்டிலில் காலை மேற்கே நீட்டிப் படுத்தபோது முதுகைவிட மனசுதான் அதிகம் வலித்தது.

காலையில் பள்ளிக்கூட கேட் வரைக்கும் வந்தவள், "நீ போ, நான் இங்கயே நிக்கிறேன்" என்றாள். உள்ளே பெரிய டீச்சர் ஆர்டரைப் படித்தார். கையெழுத்துப் போடும்போது என் கையைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா காயம் இது?"

"கல்லு தூக்கினேங்க டீச்சர். எங்கம்மா சித்தாளுங்க" என்று ஆரம்பித்து, துரையின் கட்டிலைத் திருப்பிய கதையை ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே நெஞ்சு நிமிர்ந்தது. இவளையா மறைக்கப் பார்த்தேன்!

"அவங்க எங்க?"

"கேட் கிட்ட நிக்கிறாங்க."

"நிக்க வெச்சிட்டா வந்த? போய்க் கூட்டிட்டு வா, போ."

ஓடிப்போய், "உன்ன உள்ள கூப்புடுறாங்கம்மா" என்றேன். அம்மா பதறிப்போய், குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "என்னனு சொல்லி வெச்சிருக்க? வெவசாயம்தான?"

"இல்லம்மா. சித்தாளுனு சொல்லிட்டேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எனக்கு முன்னால் உள்ளே நடந்தாள்.