வீடியோ கேம் கண்காட்சியில் என் வீட்டுக்காரர் ஓட்டிய பஸ்

போன மாதம் கிருத்திகை விரதம் முடிந்த மறுநாள், சனிக்கிழமை, நானும் என் வீட்டுக்காரரும் சென்னை நந்தம்பாக்கத்தில் நடந்த வீடியோ கேம் கண்காட்சிக்குப் போய் வந்தோம். பொதட்டூர்பேட்டையில் இருக்கிற உங்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் மகள் தேவி சென்னையில் கேம் தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் படம் வரைகிறாள். நாங்கள் வந்து பார்க்க வேண்டும் என்று ஒவ்வொரு வருடமும் கூப்பிடுவாள். இந்த முறை மறுக்க மனம் வரவில்லை.

எனக்குள் இன்னொரு கவலையும் இருந்தது. அவர் பள்ளிப்பட்டுப் பக்கம் முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் கண் டாக்டர், "கண்ணில் பிரஷர் ஏறி வலது ஓரப் பார்வை போய்விட்டது. போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் தினமும் சொட்டு மருந்து விட வேண்டும்" என்று சொல்லிவிட்டார். அன்றோடு ஸ்டியரிங்கை விட வேண்டியதாயிற்று. ஆனால் டாக்டர் சொன்னதை அவர் நம்பவில்லை. மருந்தைத் தொடவில்லை. பஸ்ஸில் பயணியாக ஏறவும் மாட்டேன் என்றுவிட்டார். நான் அந்தச் சின்ன பாட்டிலை விபூதிப் பொட்டலத்தோடு பையில் வைத்துக்கொண்டு, தணிகை மலையைப் பார்க்கும்போதெல்லாம் வேண்டிக்கொண்டிருந்தேன்.

அதனால் அன்று காலை ஐந்தரைக்கு திருத்தணி ரயில் நிலையத்துக்கு ஆட்டோதான். இருபது கிலோமீட்டர் சொச்சம், ஐந்நூறு ரூபாய். பஸ்ஸில் இதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. நீங்கள் பஸ்ஸிலேயே வாருங்கள். சென்னைக்கு ரயில் டிக்கெட் ஆளுக்கு இருபத்தைந்து ரூபாய். ஏறியதும் இடது பக்கமா வலது பக்கமா என்று பார்க்காமல், கோபுரம் தெரிகிற ஜன்னலாகப் பிடித்து உட்கார்ந்து ஒரு கும்பிடு போட்டுக்கொண்டேன். சென்ட்ரல் போக இரண்டேகால் மணி நேரம் ஆனது. வீட்டில் கட்டிய எலுமிச்சை சாதத்தை அரக்கோணம் தாண்டியதும் முடித்துவிட்டோம்.

சென்ட்ரலில் தேவி நின்றிருந்தாள். அங்கிருந்து ஆலந்தூர் வரை மெட்ரோ, பிறகு ஆட்டோ. உள்ளே போக ஒரு நாள் சீட்டு ஆளுக்கு ஐந்நூறு. அதை அவளே எடுத்திருந்தாள்.

உள்ளே காதைப் பொத்திக்கொள்ளும் சத்தம். கலர் கலராக விளக்கு. பிள்ளைகள் கேமில் வருகிற வீரர்கள் மாதிரி வேஷம் கட்டி நடக்கிறார்கள். ஒரு பையன் கையில் வேல், தலையில் கிரீடம். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பையிலிருந்த விபூதியை எடுத்து அவன் நெற்றியில் பூசிவிட்டேன். அவன் குனிந்து வாங்கிக்கொண்டான்.

"அம்மா, அது முருகர் இல்ல. பேய் வேட்டைக்காரன்" என்றாள் தேவி.

"பேய ஓட்டறவன்தான? விபூதி வச்சா நல்லதுதான் போ."

என் வீட்டுக்காரர் சிரித்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பைப் பார்த்தேன்.

தேவி வரைந்த கேமைக் காட்டினாள். மழையில் நனைந்த ஒரு சந்தைத்தெரு. கூடைக்காரி, குடை, ஒழுகுகிற கூரை எல்லாம் அவள் கைவேலை. அவர் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். "நல்லா போட்டுக்கிற நைனா" என்றார். எங்கள் பக்கம் அப்பாவை மட்டுமல்ல, மகளையும் பாசமாக நைனா என்போம்.

பகல் பன்னிரண்டு மணி சுமாருக்கு, கடைசி வரிசையில் அதைப் பார்த்தோம். நிஜமான சீட், நிஜமான ஸ்டியரிங், எதிரே மூன்று பெரிய திரைகள். பஸ் ஓட்டுகிற கேம். நீல முடி வைத்த ஒரு பெண் அந்த ஸ்டாலைக் கவனித்துக்கொண்டிருந்தாள். அவர் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

"ஓட்டறீங்களா அங்கிள்?"

"எங்க நைனா முப்பது வருஷம் ஓட்டினவருங்க" என்றாள் தேவி. வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன். அதற்குள் அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

திரையில் பச்சை விளக்கு எரிந்தது. அவர் நகரவில்லை. அந்தப் பெண், "ஆக்ஸிலேட்டர மிதிங்க அங்கிள்" என்றாள். அப்போதும் நகரவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனகினார்கள். எனக்குத்தான் புரிந்தது. கண்டக்டர் சொல்லாமல் அவர் ஒரு நாளும் வண்டியை எடுத்ததில்லை.

நான் சீட்டுக்குப் பின்னால் போய் நின்று, "ரைட், போலாம்" என்றேன்.

"கதவாண்ட யாரும் தொங்கிகினு இல்லியே?"

"இல்லீங்க. எல்லாரும் உள்ள வந்துட்டாங்க."

வண்டி கிளம்பியது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் நிறுத்தினார். திரையில் ஒரு கிழவர் மெதுவாக ஏறும்வரை காத்திருந்தார். நேரம் போகிறது என்று மூலையில் சிவப்பு எண் மின்னியது. அவர் கண்டுகொள்ளவில்லை. வளைவில் அப்படியே பூப்போலத் திருப்பினார். வரிசையில் நின்ற பிள்ளைகள் முனகுவதை விட்டுவிட்டு, "அங்கிள், கோயில் ஸ்டாப்பு எறங்கணும்" என்று கேலியாகக் கத்தினார்கள். "முன்னாடியே எழுந்து வரணும்பா" என்று இவரும் பதில் சொன்னார். தேவி போனில் படம் பிடித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அப்போதுதான் வலது பக்கச் சந்திலிருந்து ஒரு மஞ்சள் ஆட்டோ வந்தது. நான் பார்த்தேன். தேவி பார்த்தாள். மொத்த வரிசையும் பார்த்தது. அவர் நேராகப் போனார். டமால் என்று சத்தம். திரை சிவந்து நின்றுவிட்டது.

"பரவால்ல அங்கிள், மறுபடியும் ஆடலாம்" என்றாள் நீல முடிப் பெண்.

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "சரசு, ஆட்டோ எங்கிருந்து வந்துச்சி?"

"வலப்பக்கம்ங்க."

"நீ பாத்தியா?"

"ஆங். பாத்தேன்."

அவர் அந்த வலது திரையை முகத்தைத் திருப்பி வெகுநேரம் பார்த்தார். பிறகு அந்தப் பெண்ணிடம், "வேணாம்மா. ஒரு டிரிப்பு போதும். உள்ள ஆளு இல்லாத வண்டியா போச்சி, நல்லதாச்சி" என்று சொல்லிவிட்டு இறங்கினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். அவர் திரும்பி ஒரு கும்பிடு போட்டார்.

வெளியே மரத்தடியில் உட்கார்ந்தோம். தேவி அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். நான் வாயாடிதான், ஆனால் எதற்கு வாயைத் திறக்கக்கூடாது என்று கொஞ்சம் தெரியும்.

திரும்பி வரும்போது திருத்தணியில் மாலை ஆறரை. நான் ஆட்டோ ஸ்டாண்டு பக்கம் நடந்தேன். அவர் பஸ் நிலையம் போகும் வழியில் திரும்பினார். பொதட்டூர்பேட்டை வண்டி நின்றிருந்தது. டிரைவர் சீட்டைப் பார்க்காமல் பின்னால் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். டிக்கெட் எடுத்துப் பழக்கமில்லாததால் காசைக் கையில் வைத்துக்கொண்டு எப்போது நீட்டுவது என்று தெரியாமல் இருந்தார்.

போகிறவர்களுக்குச் சில சொல்கிறேன். காலையிலேயே போய்விடுங்கள், மதியத்துக்குமேல் வரிசை நீளம். உள்ளே சாப்பாடு விலை அதிகம், ஒரு தோசை நூற்றியெண்பது. காதில் வைக்கப் பஞ்சு கொண்டுபோங்கள். வயசானவர்களை வேடிக்கை பார்க்க மட்டும் அழைத்துப் போகாதீர்கள், ஏதாவது ஒன்றில் உட்கார வையுங்கள். கண்ணில் பிரஷர் என்று டாக்டர் சொல்லியிருந்தால் மருந்து போடுவதை நிறுத்தாதீர்கள்.

அன்று அந்தப் பஸ் கிளம்புவதற்குள் அவர், "அந்த மருந்து வச்சிகினு இருக்கியா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன், அதற்கு முந்தின வாரம்தான் புதிதாக வாங்கியது. தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணை அகலத் திறந்து காட்டினார். முதல் சொட்டு குறி தப்பிக் கன்னத்தில் விழுந்தது.

"மெதுவா விடு. வண்டி இன்னும் எடுக்கல" என்றார்.