முப்பது போர்டும் என் வெள்ளரிக்கூடையும்

வண்டி மெதுவாக வந்தால்தான் எங்களுக்கு வியாபாரம். பறக்கிற வண்டிக்கு வெள்ளரிப்பிஞ்சு விற்க முடியாது. ரோட்டோரம் கூடை வைத்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. பாபநாசம் போகிற ரோட்டில், எங்கள் ஊர் பால்வாடிக்கு எதிரில் மூன்று வருடமாக உட்காருகிறேன். என் மகள் செல்விக்கு நாலு வயது. அவளும் இன்னும் பத்துப் பதினைந்து பிள்ளைகளும் அந்த ரோட்டைக் கடந்துதான் பால்வாடிக்குப் போக வேண்டும். அதனால் எந்த வண்டி என்ன வேகத்தில் வருகிறது என்பது எனக்கு வியாபாரம் மட்டும் இல்லை.

கூவாத வியாபாரி

எனக்குக் கூவி விற்க வராது. புது ஆளைக் கண்டால் கூடையைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். பக்கத்தில் கொய்யா விற்கிற இசக்கி மதினி ஒரு சத்தம் கொடுத்தால் பாபநாசம் அருவியில் குளிக்கிறவர்களுக்கே கேட்கும். என் நல்ல காலம், பால்வாடி முன்னால் ஒரு வேகத்தடை இருந்தது. பஸ் அதில் ஏறி இறங்குவதற்குள் பேசாமல் ஒரு பொட்டலத்தை ஜன்னல் பக்கம் தூக்கிக் காட்டுவேன். மிளகாய்ப்பொடிச் சிவப்பைக் கண்டதும் கை நீளும்.

ஒரு நாள் ஜன்னலோரம் இருந்த பெரியவர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏம்மா, விலையையாவது வாயத் தொறந்து சொல்லப்பிடாதா? ஊமைன்னு நெனச்சு நானும் சைகையிலல்லா கேட்டுக்கிட்டு இருக்கேன்!"

மண் பார்த்து நட்ட போர்டு

புது ரோடு போட்டார்கள். பழைய ரோட்டைச் சுரண்டியபோது வேகத்தடையும் சேர்ந்து போய்விட்டது. திரும்பப் போடுவார்கள் என்று பார்த்தால், சிவப்பு வட்டத்துக்குள் 30 என்று எழுதிய போர்டு ஒன்று வந்து இறங்கியது. உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று இருக்கும். எங்களுக்கு வந்ததைப் பால்வாடி பக்கம் நடவில்லை. பால்வாடிக்கு முந்தின வளைவுக்கு அந்தப் பக்கம், மாடன் கோவில் முன்னால் நட்டார்கள். அந்தக் கோவிலை எந்த டிரைவரும் சும்மா தாண்ட மாட்டார். வேகத்தைக் குறைத்து, ஹாரனை ஒரு தட்டுத் தட்டி, நெஞ்சில் கை வைத்துக் கும்பிடுவார். கும்பிட்டு முடித்ததும் ஒரு மிதி மிதிப்பார் பாருங்கள், வளைவு திரும்பி பால்வாடிக்கு வரும்போது காற்றாய் வரும் வண்டி.

பிள்ளைகள் கடப்பது அங்கே, போர்டு மட்டும் இங்கே ஏன் என்று குழி தோண்டியவரிடம் இசக்கி மதினி கேட்டாள். அவர் கடப்பாரையை ஊன்றி நின்று நிதானமாகப் பதில் சொன்னார். "எக்கா, அங்கன பூராவும் பாறை. இங்கனதான் மண்ணு இளக்கமா இருக்கு."

சும்மா நிற்கிற கம்பி

ஆபீஸ்காரர்களை மட்டும் குறை சொன்னால் போதாது. எங்கள் தெரு தங்கராசு அண்ணன் மகள் சடங்குக்கு, தாய்மாமன்மார் எல்லாம் கூலிங்கிளாஸ் போட்டுச் சிரிக்கிற பெரிய பிளக்ஸ் ஒன்றை அந்தப் போர்டுக் கம்பியிலேயே இழுத்துக் கட்டிவிட்டார். ஒரு வாரம் முப்பது கண்ணிலேயே படவில்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். அந்த ஒரு வாரமும் கோவில் முன்னால் வண்டிகள் எப்போதும்போல மெதுவாகப் போயின. பால்வாடி முன்னால் எப்போதும்போலப் பறந்தன.

மதினி சண்டைக்குப் போனாள். தங்கராசு அண்ணன் சிரித்தார். "ஏளா, அது சும்மாத்தானே நிக்கி? ஒரு வேலையாவது பாக்கட்டுமே."

ஒற்றைச் செருப்பு

வண்டி மெதுவாகப் போகிற இடம் கோவில்தான் என்று மதினி கூடையை அங்கே மாற்றிக்கொண்டாள். என்னையும் கூப்பிட்டாள். நான் போகவில்லை. காலையில் பிள்ளைகள் வரும்போது நடுரோட்டில் இரண்டு கையையும் விரித்து நிற்க ஒரு ஆள் வேண்டுமே.

அப்படி நின்ற ஒரு நாள், பாதி ரோட்டில் செல்வியின் செருப்பு ஒன்று கழன்றது. எடுக்கத் திரும்பி ஓடினாள். வளைவில் வந்த லாரி கிறீச்சென்று, அவளுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. பிள்ளையைத் தூக்கி நெஞ்சோடு அணைத்தபோது அவள் நெஞ்சு அடித்ததா, என் நெஞ்சு அடித்ததா தெரியவில்லை. லாரி டிரைவர் குதித்து இறங்கினார். இறங்கிய வேகத்தில் கத்தினார். "பிள்ளைய ரோட்டுல விட்டுட்டு யாவாரமா பாக்கே?"

சபையில் எழுந்தேன்

அந்தச் சொல் ஆறவே இல்லை. கிராம சபை நடந்தபோது ரோடு ஆபீஸிலிருந்து ஒரு சார் வந்திருந்தார். எங்கள் ஆட்கள் வேகத்தடை கேட்டார்கள். அவர், "போர்டு பக்கத்துல நானே ஒரு மணி நேரம் நின்னு பார்த்தேன். எல்லா வண்டியும் முப்பதுக்குள்ளதான் போகுது. அப்புறம் எதுக்கு வேகத்தடை?" என்றார். கேட்டவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்துவிட்டார்கள்.

நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று இன்றைக்கும் தெரியாது. "சார், அது போர்டுக்குக் குறையல. மாடனுக்குக் குறையுது. ஒரு வாரம் பிளக்ஸ கட்டி போர்ட மறைச்சிருந்தாவ. அப்பவும் இப்படித்தான் பைய போச்சு. நீங்க நின்னு பாக்கணும்னா என் கூடை பக்கத்துல வந்து நில்லுங்க."

"வியாபாரம் போச்சுன்னுதானேம்மா கேக்குறே?" என்றார்.

"யாவாரமும் போச்சு சார். ஆனா கூடையத் தூக்கிட்டு எங்க வேணும்னாலும் போயிருவேன். பால்வாடியத் தூக்கிட்டுப் போவ முடியாதுல்லா?"

சார் பதில் சொல்லுமுன் பின்னாலிருந்து தங்கராசு அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டே எழுந்தார். "சார், அந்த பிளக்ஸ கட்டுனவன் நான்தான். அந்தப் பிள்ள சொல்லுதது நெசம்."

ஜீப் பின்னால் வந்தது

மறுநாளே சார் ஜீப்பில் வந்தார். கோவில் பக்கம் ஹாரன் கேட்டது. நான் எழுந்து முந்தானையைச் சரிசெய்வதற்குள் ஜீப் வளைவு திரும்பி, பால்வாடியைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டி வரை போய்விட்டது. அங்கிருந்து பைய பைய பின்னால் வந்தது. இறங்கிய சார் என்னைப் பார்க்கவில்லை. அவருடைய டிரைவரைப் பார்த்து, "முப்பது போர்டப் பார்த்துத்தானேய்யா கோவில்கிட்ட வேகத்தைக் குறைச்சே?" என்று கேட்டார். டிரைவர் பாவம், மறைக்கத் தெரியாதவர். "சாமிக்குக் கும்பிட்டேன் சார். அங்கன போர்டு இருக்குன்னே நீங்க இப்பம் சொல்லித்தான் தெரியும்."

வெள்ளைக்கோடு

பாறையை உடைக்க வேண்டியிருக்கவில்லை. வேகத்தடைக்குக் குழி எதற்கு? மாதம் முடிவதற்குள் வந்துவிட்டது. மேலே வெள்ளைக்கோடும் அடித்தார்கள். முதல் நாள் காலையில் பிள்ளைகள் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டு ரயில்பெட்டி மாதிரி கடந்தார்கள். செல்விதான் எஞ்சின். நான் கையை விரிக்காமல் ஓரத்தில் நின்றேன். பாபநாசம் பஸ் வேகத்தடைக்கு முன்னால் வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "பைய போங்க பிள்ளைகளா, பாபநாசம் மலை எங்கயும் ஓடிராது."

எங்கள் அனுபவத்தில் சொல்கிறேன், எத்தனை மனு வேண்டுமானாலும் எழுதுங்கள், ஆனால் கடைசியில் அதிகாரியை அவர் வண்டியிலேயே, அவர் டிரைவரோடேயே, உங்கள் ரோட்டுக்கு ஒரு தடவை வரவைத்துவிடுங்கள்.